இருபத்தொரு கண்கள்

பழைய செயலி நேற்றோடு வாயை மூடிக்கொண்டது.
இணைப்பைச் சரிபார்க்கவும் என்கிறது.
என்னத்தைச் சரிபார்க்க?
மலைமேல் இருக்கும் தட்டில் பனி ஏறி ஒன்பது நாள்.
இத்தோக்கொர்த்தோர்மீத்தில் நவம்பர் முடிகிறது.
சூரியன் விடுப்பில் போய்விட்டது,
மனு எதுவும் கொடுக்காமல்.

நகராட்சி அலுவலகத்தில் நானும் ஹீட்டரும்.
ஹீட்டரை ஒட்டி யோஸ்வா.
மீசைப் பனி உருகிச் சொட்டுகிறது
மடியிலிருக்கும் படிவங்கள்மேல்.
பதினோரு நாய், பதினோரு படிவம்.
ஒவ்வொன்றிலும் ஒரு கட்டம்:
முகம் தெளிவாக, இரு கண்களும் தெரியும்படி.

செவ்வாய்க்கிழமை ஹெலிகாப்டரில்
வெங்காய மூட்டைக்கும் மருந்துப் பெட்டிக்கும் நடுவே
ஒரு கவருக்குள் வந்திறங்கியது பென்டிரைவ்.
நூக்கிலிருந்து மானுமினா எழுதியிருந்தாள்:
இதற்கு இணையம் வேண்டாம், கணக்கு வேண்டாம்,
வெட்டும், திருப்பும், வெளிச்சம் கூட்டும்,
அவ்வளவுதான்.
அவ்வளவுதானுக்குக் கீழே இரண்டு கோடு.

சில்லிட்டிருந்ததைக் கம்பளி உறைக்குள் போட்டு
கால் மணி நேரம் மடியில் வைத்திருந்தேன்.
பிறகு செருகினேன்.

இதைச் செய்தவர் யாரென்று தெரியவில்லை,
ஆனாலும் திறக்கவா?
எனக்கும்தான் தெரியாது. திற.
எந்த மொழி?
பட்டியலில் முப்பது. எங்களுடையது இல்லை.
டேனிஷைத் தொட்டேன்,
பள்ளிக்கூடத்தில் செய்த மாதிரியே.
பிறகு நிபந்தனைகள், உருட்ட உருட்ட வந்துகொண்டே.
ஒப்புக்கொண்டேன்.
"படித்தாயா?" என்றான் யோஸ்வா.
"உன் கல்யாணத்தில் பாதிரியார் படித்ததை
நீ கேட்டாயா?"
கொஞ்ச நேரம் யோசித்தான். பதில் வரவில்லை.

எங்கே வைக்க? சி டிரைவில்.
முகப்பில் ஐகான்? போடு.
பச்சைக் கோடு கிளம்பியது,
தொண்ணூற்றேழில் நின்றது.
நின்றது என்றால் நின்றதுதான்.
என் வாயில் வந்ததை எழுத முடியாது.
"திட்டாதே. இழுக்காத நாயைத் திட்டினால்
உட்கார்ந்துவிடும்" என்றான்.
காபி ஊற்றப் போனேன்.
திரும்பி வந்தால் நூறு.

காமிராவில் ஒரே ஒரு படம்.
பதினொன்றையும் சங்கிலியோடு வரிசையாக நிறுத்தி
இருட்டில் ஃபிளாஷ் அடித்திருக்கிறான்.
கண்கள் எல்லாம் பச்சை நெருப்பு.
"தனித்தனியாக எடுக்கச் சொன்னேனே?"
"தனியாக எடுத்தால் ஊளையிடும்."

வெட்டத் தொடங்கினேன்.
ஒரு முகத்தைச் சதுரத்துக்குள் அடைத்தால்
பக்கத்து நாயின் காது கூடவே வருகிறது.
காதைத் தவிர்த்தால் மூக்கு போகிறது.
சரி, காதோடு இருக்கட்டும்.
கண்ணுக்கு ஒரு பொத்தான் இருந்தது,
சிவப்பை நீக்கு.
அழுத்தினேன்.
சிவப்பு எதுவும் கிடைக்கவில்லை என்றது செயலி,
மரியாதையாகத்தான்.

நான் எண்ணினேன். இருபத்தொன்று.
மறுபடி எண்ணினேன்.
"அது உக்பிக்" என்று திரையைத் தொட்டான்,
விரல் ரேகை மெழுகாக ஒட்டியது.
"இடது கண்ணைக் கரடி எடுத்துக்கொண்டது.
மார்ச்சில்.
முன்னால் நின்றது அது ஒன்றுதான்."

படிவத்தைப் பார்த்தேன்.
இரு கண்களும் தெரியும்படி.
பக்கத்து நாயின் கண்ணை நகலெடுத்து
அங்கே ஒட்டலாம். செயலியால் முடியும்,
அவ்வளவுதானுக்குள் அதுவும் இருந்தது.
அம்புக்குறியை அந்தக் கருப்புக் குழிமேல் வைத்தேன்.
யோஸ்வா ஒன்றும் சொல்லவில்லை.
சொட்டுவதுகூட நின்றிருந்தது.

கையை எடுத்துவிட்டு
படிவத்தில் 'இரு' என்பதை அடித்தேன்.
'ஒரு' என்று எழுதி
நகராட்சி முத்திரையைக் குத்தினேன்.

சேமிக்கவா? ஆம்.
வேறெங்கும் இல்லை, இந்தப் பெட்டிக்குள் மட்டும்,
மின்விசிறி முனகும் இந்தத் தூசிப் பெட்டிக்குள்
பதினோரு நாய் படுத்திருக்கின்றன.

பள்ளியில் கெதியோன் காத்திருக்கிறான்,
அவனுக்கும் வேண்டுமாம் இந்தச் செயலி.
பென்டிரைவைக் கையுறைக்குள் இறுக்கிக்கொண்டு
தலைவிளக்கைப் போட்டு நடந்தேன்.
மதியம் ஒரு மணி.
சரிவில் திரும்பியதும்
இருட்டு என்னைப் பார்த்தது,
பச்சையாக,
ஒற்றைப்படையில்.